ஃபிலிபஸ்டர்: கொள்ளையர் பெயர் செனட்டுக்குள் நுழைந்த கதை

கேள்வி இதுதான்: அமெரிக்க செனட்டில் ஒரு மசோதாவை நிறைவேறவிடாமல் மணிக்கணக்கில் பேசி இழுத்தடிப்பதை ‘ஃபிலிபஸ்டர்’ என்கிறார்கள். இது ஸ்பானிய மொழியிலிருந்து வந்த சொல் என்கிறது ஓர் அகராதி, டச்சு என்கிறது இன்னொன்று. ‘ஃப்ளைபோட்’ என்ற ஒருவகைக் கப்பலின் பெயரே இதற்கு மூலம் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். மூன்றில் எது சரி? கொள்ளையன் என்று பொருள்பட்ட சொல் சபையில் நின்று பேசுகிறவருக்குப் போய் ஒட்டிக்கொண்டது எப்படி? பார்த்தால் ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சொல் யாருடையது என்பதற்குப் பெரும்பாலும் உறுதியான பதில் உண்டு. பொருள் எப்படித் தாவியது என்பதற்கு, பொதுவாகச் சொல்லப்படும் அளவுக்கு உறுதி கிடையாது. ஆங்கிலச் சொற்களின் வரலாற்றைப் பல ஆண்டுகளாகக் கல்லூரியில் நடத்திவருபவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். டச்சு மொழியை அகராதிகள் வழியாக மட்டுமே அறிந்தவன் என்பதால், அந்தப் பகுதியில் அறிஞர்கள் ஏற்றுக்கொண்டதற்கு மேல் நானாக எதுவும் சேர்க்கப்போவதில்லை.

முதலில் அகராதிகளின் சண்டையைத் தீர்த்துவிடலாம். இரண்டும் சரிதான். கடன் கொடுத்த மொழி வேறு, வேர் இருக்கும் மொழி வேறு. ஆங்கிலத்துக்கு இந்தச் சொல்லை இன்றைய வடிவத்தில் கையில் கொடுத்தது ஸ்பானியம். ஸ்பானியத்தில் அது ‘ஃபிலிபுஸ்தேரோ’. ஸ்பானியர் அதைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்தும், பிரெஞ்சுக்காரர் டச்சுக்காரர்களிடமிருந்தும் பெற்றார்கள். ஓர் அகராதி கடைசிப் படியைச் சொல்கிறது, மற்றது முதல் படியைச் சொல்கிறது. எந்த மொழியிலிருந்து வந்தது என்று ஒற்றை வரியில் எழுதச் சொன்னால் ஸ்பானியம் என்றுதான் எழுதுவேன். எழுத்துக்கூட்டலும், வந்த காலமும், வந்த சந்தர்ப்பமும் அதற்குச் சாட்சி.

டச்சில் ‘வ்ரை’ என்றால் தடையற்ற, சுதந்திரமான என்று பொருள். ‘பௌட்’ என்றால் கொள்ளைப் பொருள். இரண்டும் சேர்ந்த ‘வ்ரைபௌட்டர்’, யாருக்கும் கட்டுப்படாமல் கொள்ளையடித்துப் பிழைப்பவன். ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்து நெதர்லாந்து 1568 முதல் 1648 வரை போரிட்டது. எண்பதாண்டுப் போர் என்று பெயர். சம்பளப் படை, கூலிப் படை, எந்தப் படையிலும் சேராத கும்பல் என்று ஆயுதம் தாங்கியவர்கள் நாடெங்கும் திரிந்த காலம் அது. டச்சுக்காரர்களுக்குத் துணையாக அங்கே போய்ப் போரிட்ட ஆங்கிலேயரும் உண்டு. ஆகவே 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டதில் வியப்பில்லை. வந்ததும் இரண்டு வடிவத்தில் வந்தது. ஒன்று, பகுதி பகுதியாக மொழிபெயர்த்துக்கொண்ட ‘ஃப்ரீபூட்டர்’. இன்றும் அகராதியில் இருக்கிறது. மற்றது, காதில் விழுந்ததை அப்படியே எழுதிவைத்த ‘ஃப்லிபுட்டர்’. 1580களிலேயே தென்பட்ட இந்த வடிவம் அப்புறம் நிலைக்கவில்லை.

அடுத்த கட்டம் கரீபியன் கடல். 17ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் வெள்ளிக் கப்பல்களையும் கரையோர ஊர்களையும் குறிவைத்து பிரெஞ்சு, ஆங்கில, டச்சுக் கொள்ளையர் அங்கே குவிந்தார்கள். இன்றைய ஹெய்ட்டிக்கு வடக்கே ஒட்டினாற்போல இருக்கும் டோர்ட்டுகா என்ற சிறிய தீவு அவர்களின் முக்கியமான தளங்களில் ஒன்று. பிரெஞ்சுக்காரர்கள் இவர்களை முதலில் ‘ஃப்ரிபுஸ்த்தியே’ என்றும் பிறகு ‘ஃப்லிபுஸ்த்தியே’ என்றும் சொன்னார்கள். இந்தக் கும்பல்களில் அறுவை மருத்துவராக இருந்த எக்ஸ்க்வெமெலின் என்பவர் தான் கண்டதையும் கேட்டதையும் டச்சு மொழியில் எழுதி 1678இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டார். 1681இல் ஸ்பானியம், 1684இல் ஆங்கிலம், 1686இல் பிரெஞ்சு என்று அடுத்தடுத்து மொழிபெயர்ப்புகள் வந்தன. சொல் ஐரோப்பா முழுக்கப் பரவ இந்த நூல் பெரிதும் உதவியது என்று பழைய அமெரிக்க அகராதி ஒன்று கருதுகிறது. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் நூல் வெளிவருமுன்பே மாலுமிகளின் வாயில் இந்தச் சொல் சுற்றிக்கொண்டிருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அந்த நூலையொட்டி நடந்த ஒரு வழக்கைச் சொல்லியாக வேண்டும். பனாமாவை 1671இல் சூறையாடிய ஹென்றி மோர்கன் அதற்குள் ‘சர்’ பட்டம் பெற்று ஜமைக்காவில் செல்வாக்கோடு இருந்தார். ஆங்கிலப் பதிப்பு தன்னைக் கொள்ளையனாகக் காட்டுகிறது என்று லண்டனில் பதிப்பாளர்கள்மீது அவதூறு வழக்குப் போட்டு நஷ்டஈடும் வாங்கினார். தான் அரசு கொடுத்த அதிகாரப் பத்திரத்தோடு எதிரி நாட்டைத் தாக்கியவன், கொள்ளையன் அல்ல என்பது அவர் தரப்பு. ஸ்பானியர்களுக்கு அவர் கொள்ளையன்தான். ஒருவருக்கு வீரன், எதிராளிக்குக் கொள்ளையன் என்ற இந்த இழுபறி ஃபிலிபஸ்டர் என்ற சொல்லைக் கடைசிவரை விடவில்லை. எதிராளி சூட்டும் பெயராகவே அது வாழ்ந்திருக்கிறது. செனட்டுக்குள் அது நுழைந்த விதமும் இதிலிருந்துதான் விளங்கும்.

இப்போது எழுத்துகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வ்ரைபௌட்டரில் இருந்த ரகரம் ‘ஃப்லிபுட்டர்’, ‘ஃப்லிபுஸ்த்தியே’ இரண்டிலும் லகரமாகியிருக்கிறது. இது நமக்குப் புதிதல்ல. பந்தல் பந்தர், சாம்பல் சாம்பர் என்று நம் இலக்கணம் கடைப்போலிக்குச் சொல்லும் எடுத்துக்காட்டுகளில் இதே இரண்டு ஒலிகள்தான் இடம் மாறுகின்றன. அதிலும் ஒரே சொல்லில் இரண்டு ரகரம் இருந்தால் ஒன்று லகரமாகிவிடுவது உலகின் பல மொழிகளில் நடப்பது. லத்தீனில் ‘பெரெக்ரினுஸ்’ என்று இருந்ததுதான் ஆங்கிலத்தில் ‘பில்க்ரிம்’ ஆனது. அடுத்தது நடுவில் இருக்கும் சகர ஒலி. டச்சு மூலத்தில் அது கிடையாது. பிரெஞ்சில் நுழைந்தது. அந்தக் காலத்துப் பிரெஞ்சில் ஒலிக்காத எஸ் எழுத்தைப் பல சொற்களில் பழக்கத்துக்காக எழுதிவந்தார்கள். ஆங்கிலத்தின் ‘ஃபாரஸ்ட்’ பிரெஞ்சில் ‘ஃபோரே’ என்று ஒலிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கும் ஒருகாலத்தில் எஸ் எழுதப்பட்டது, ஆனால் ஒலிக்கவில்லை. அதுபோலவே இதிலும் எழுத்தில் மட்டும் இருந்த எஸ்ஸைப் பார்த்துப் படித்தவர்கள் உச்சரிக்கத் தொடங்கினார்கள் என்பது ஒரு விளக்கம். நடந்திருக்கக்கூடியதுதான். ஆனால் விளக்கம் என்ற அளவிலேயே இதை வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, தொடக்கத்தில் வரும் இகரம். பிரெஞ்சில் ‘ஃப்லி’ என்று ஒட்டியிருந்தது ஸ்பானியத்தில் ‘ஃபிலி’ என்று பிரிந்தது. ஃப்ளாட்டை நாம் ‘பிளாட்’ என்று உயிரெழுத்தை நுழைத்துச் சொல்வதைப் போன்றதுதான். இன்றைய ஆங்கிலச் சொல்லில் இந்த இகரம் இருக்கிறது. பிரெஞ்சிலிருந்து நேராக வந்திருந்தால் இருந்திருக்காது. உண்மையில் 18ஆம் நூற்றாண்டு முதலே வரலாற்று நூல்களில் பிரெஞ்சு வடிவமும் ஆங்கிலத்தில் புழங்கியது, அதில் இகரம் கிடையாது. ஆக ஒரே டச்சுச் சொல் மொழிபெயர்ப்பாக, கேட்ட ஒலியாக, பிரெஞ்சு வழியாக, ஸ்பானிய வழியாக என்று நான்கு தடவை ஆங்கிலத்துக்குள் வந்திருக்கிறது. நீங்கள் செய்தியில் கேட்பது நான்காவதாக வந்தது.

நண்பர் சொன்ன ஃப்ளைபோட்டையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. டச்சில் ‘வ்லீபோட்’ என்று ஒருவகைக் கப்பல் இருந்தது. ஆழம் குறைந்த நீரிலும் போகக்கூடியது. நெதர்லாந்துக் கரையோரம் இருக்கும் வ்லீ என்ற நீர்வழியின் பெயரால் வந்த பெயர் என்பார்கள். பறப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்பானியத்தில் அந்தக் கப்பல் ‘ஃபிலிபோத்தே’. ஃபிலிபுஸ்தேரோவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது பாருங்கள்! அதனால்தான் பழைய ஆய்வாளர்கள் சிலரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஆனால் பிரெஞ்சில் முதலில் கிடைக்கும் வடிவம் ரகரம் உள்ள ‘ஃப்ரிபுஸ்த்தியே’. கப்பலின் பெயரில் ரகரமே கிடையாது. பொருளிலும் ‘வ்ரைபௌட்டர்’ அப்படியே பொருந்துகிறது, கப்பல் பெயரைச் சுற்றிவளைத்துத்தான் பொருத்த வேண்டியிருக்கிறது. எனவே வேர் கப்பல் அல்ல. ஸ்பானியர் இகரத்தை நுழைத்தபோது காதுக்குப் பழகிய கப்பல் பெயர் அவர்களை அந்தப் பக்கம் இழுத்திருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு. இது என் ஊகம் மட்டுமே, இதைப் பதிலாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த ஸ்பானிய வடிவம் ஆங்கிலத்துக்கு ஏன் 1850களில் வந்தது என்ற இடத்தில்தான் கதை சூடுபிடிக்கிறது. கரீபியன் கொள்ளையர் ஒழிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அமெரிக்கா மெக்சிகோவோடு போரிட்டு 1848இல் கலிஃபோர்னியா உட்படப் பெரும் நிலப்பரப்பைப் பிடித்திருந்தது. அடுத்து கியூபா, அதற்கடுத்து மத்திய அமெரிக்கா என்று கனவு கண்டவர்கள் நிறைய இருந்தார்கள். தென் மாநிலத்து அடிமை முதலாளிகளுக்கு அதில் தனி அக்கறை. அடிமை முறை உள்ள நிலம் கூடினால் நாடாளுமன்றத்தில் தங்கள் பக்கத்துக்குப் பலம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. அரசாங்கம் வெளிப்படையாகப் படையெடுக்க முடியாத இடத்துக்குத் தனியார் படை திரட்டிப் போனார்கள். நட்பு நாட்டின்மேல் இப்படிப் படை கிளப்புவது அமெரிக்க நடுநிலைச் சட்டப்படி குற்றம். போனவர்கள் தங்களை விடுதலை வீரர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஸ்பானிய அதிகாரிகள் பழைய பகையை நினைவில் வைத்து, கடற்கொள்ளையரின் பெயரையே எடுத்து வீசினார்கள்: ஃபிலிபுஸ்தேரோ.

நார்சீசோ லோபெஸ் இவர்களில் முதலில் பெயரெடுத்தவர். வெனிசுவேலாவில் பிறந்து, ஸ்பானியப் படையில் தளபதியாக இருந்து, பிறகு கியூபாவில் ஸ்பெயினுக்கு எதிராகத் திரும்பியவர். 1850 மே மாதம் அமெரிக்காவில் திரட்டிய ஆட்களோடு கியூபாவின் கார்தெனாஸ் நகரில் இறங்கினார். மக்கள் எழுவார்கள் என்று எதிர்பார்த்தது நடக்காததால் கப்பலேறித் திரும்பினார். அடுத்த ஆண்டு மறுபடி போனவர் பிடிபட்டார். 1851 செப்டம்பர் 1 அன்று ஹவானாவில் கழுத்தை இறுக்கும் கரோட் கருவியால் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவரோடு போன அமெரிக்கர்களில் சுமார் 50 பேர் அதற்கு முன்பே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்தச் செய்தியால் அமெரிக்கப் பத்திரிகைகள் கொதித்தன. அந்தக் கொதிப்பில்தான் ஸ்பானியர் சூட்டிய பெயர் அமெரிக்க ஆங்கிலத்தில் எல்லார் வாயிலும் புகுந்தது. ஸ்பெயினின் பார்வையில் கொள்ளையரான அந்த ஆட்கள் கார்தெனாஸில் ஏற்றிய கொடிதான் இன்றைய கியூபாவின் தேசியக் கொடி.

பெயரை நிலைநிறுத்தியவர் வில்லியம் வாக்கர். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் 1824இல் பிறந்தவர். மருத்துவம் படித்தார், வழக்கறிஞரானார், பத்திரிகை நடத்தினார். 1853இல் 45 பேரோடு போய் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் லா பாஸ் நகரைப் பிடித்துத் தன்னைக் குடியரசுத் தலைவர் என்று அறிவித்துக்கொண்டார். உணவும் ஆதரவும் இல்லாமல் அது சில மாதங்களில் நொறுங்கியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் நடுநிலைச் சட்டத்தை மீறியதாக வழக்கு நடந்தபோது ஜூரிகள் சில நிமிடங்களிலேயே அவரை விடுவித்துவிட்டார்கள். ஊர்மக்களின் மனநிலை அப்போது எப்படி இருந்தது என்பதற்கு இது ஒன்றே போதும்.

1855இல் நிகராகுவாவில் உள்நாட்டுச் சண்டை. அதில் ஒரு தரப்பு வாக்கரைத் துணைக்கு அழைத்தது. ஏறத்தாழ 60 பேரோடு போனவர் அந்த ஆண்டு அக்டோபரில் கிரனாடா நகரைப் பிடித்தார். 1856 ஜூலையில் அந்த நாட்டுக்கே தலைவராகப் பதவியேற்றார். அங்கே அடிமை முறை 1824இலேயே ஒழிக்கப்பட்டிருந்தது. அந்த ஆணையை 1856 செப்டம்பரில் அவர் ரத்து செய்தார். தென் மாநிலங்களின் ஆதரவு அவருக்குத் தேவைப்பட்டது. அண்டை நாடுகள் சும்மா இருக்கவில்லை. கோஸ்டாரிகா முன்னமே போர் தொடுத்திருந்தது. 1856 ஏப்ரல் 11 அன்று ரிவாஸ் நகரில் வாக்கரின் ஆட்கள் பதுங்கியிருந்த கட்டடத்துக்கு ஹுவான் சாந்தாமரியா என்ற ஏழைப் போர்முரசு இளைஞன் தீ வைத்துவிட்டுக் குண்டடிபட்டு இறந்தான். ஏப்ரல் 11 இன்றும் கோஸ்டாரிகாவில் தேசிய நாள். தலைநகருக்கான விமான நிலையம் அவன் பெயரில் இருக்கிறது. அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃபிலிபுஸ்தேரோ என்றால் தங்கள் நாட்டைப் பிடிக்க வந்த வாக்கரின் ஆட்கள்தான்.

மத்திய அமெரிக்கப் படைகள் நெருக்க, வாக்கரின் ஆட்கள் பின்வாங்கும்போது கிரனாடாவை எரித்து ‘இங்கே கிரனாடா இருந்தது’ என்று ஸ்பானியத்தில் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். 1857 மே மாதம் வாக்கர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவரிடம் சரணடைந்து ஊர் திரும்பினார். அதோடு அடங்கவில்லை. மறுபடியும் போனவர் 1860இல் பிரிட்டிஷ் கடற்படையிடம் சிக்கினார். அவர்கள் ஹோண்டுராஸ் அரசிடம் ஒப்படைக்க, செப்டம்பர் 12 அன்று ட்ருஹீயோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 36. இந்தப் பத்தாண்டு முழுக்க அமெரிக்கப் பத்திரிகைகளில் ஃபிலிபஸ்டர் என்ற சொல் ஓயவே இல்லை.

இதே காலத்திலிருந்து ஸ்பானியத்தில் இந்தச் சொல் வேறொரு பக்கமும் திரும்பியது. கியூபாவில் தொடங்கி, ஸ்பானிய ஆட்சியை எதிர்க்கும் எவரும், ஏன், சீர்திருத்தம் கேட்கும் எவரும் ஃபிலிபுஸ்தேரோ என்று முத்திரை குத்தப்பட்டார்கள். அது பசிபிக்கைத் தாண்டி பிலிப்பைன்ஸுக்கும் போனது. 1872 ஜனவரியில் கவித்தே நகரின் ஆயுதக்கிடங்கில் ஒரு கிளர்ச்சி நடந்தது. அதைச் சாக்காக வைத்து கோமெஸ், புர்கோஸ், சமோரா என்ற மூன்று பாதிரியார்களை ஸ்பானிய அரசு பிப்ரவரி 17 அன்று மணிலாவில் கொன்றது. அதுவும் கரோட் கருவியால்தான். பின்னாளில் பிலிப்பைன்ஸின் புகழ்பெற்ற எழுத்தாளரான ஹோசே ரிசால் அப்போது பத்து வயதுச் சிறுவர். அந்தச் சொல்லைத் தான் முதலில் கேட்டதே 1872இல்தான் என்றும், அது கிளப்பிய பீதியில் வீட்டில் அதை உச்சரிக்கவே தடை இருந்தது என்றும் பிற்காலத்தில் தன் ஐரோப்பிய நண்பருக்குக் கடிதத்தில் எழுதினார். 1891இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் அச்சான தன் இரண்டாவது நாவலுக்கு அந்தச் சொல்லையே தலைப்பாக்கி, ‘எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ’ என்று பெயரிட்டு, அந்த மூன்று பாதிரியார்களுக்குக் காணிக்கையாக்கினார். ஐந்தாண்டில் அவரையும் சுட்டுக் கொன்றார்கள். 1912இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்புக்கு வேறு தலைப்பு. அதற்குள் ஆங்கிலத்தில் இந்தச் சொல் சபைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது ஒரு காரணமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பிலிப்பைன்ஸ் வரலாற்றைப் படிக்கிறவர்கள் இந்தத் தலைப்பைப் பார்த்துச் செனட் பேச்சை நினைத்துவிடக் கூடாது.

சரி, அது சபைக்குள் போனது எப்படி? பல கட்டுரைகள் ஒரு தேதியைச் சொல்லும்: 1853 ஜனவரி. பிரதிநிதிகள் சபையில் மிசிசிப்பி உறுப்பினர் ஆல்பர்ட் பிரவுன், தன் சகா ஒருவர் அமெரிக்காவுக்கு எதிராகவே ‘ஃபிலிபஸ்டர் செய்துகொண்டிருந்தார்’ என்று சாடினார். முதல் சான்று என்று பெரிய அகராதியும் இதை மேற்கோள் காட்டியது உண்டு. ஆனால் முழுப் பேச்சையும் வைத்துப் படித்தால் வேறு படம் தெரிகிறது. விவாதமே கியூபாவைப் பற்றியது. சகா கியூபாவைப் பிடிக்கும் முயற்சிகளைக் கண்டித்துப் பேசியிருந்தார். ஃபிலிபஸ்டர்களைத் திட்டுகிற நீயே சொந்த நாட்டின்மேல் படையெடுக்கிறாயே என்று அவர் சொல்லையே பிரவுன் அவர்மேல் திருப்பினார். யாரும் அங்கே வாக்கெடுப்பைத் தடுத்துப் பேசிக்கொண்டிருக்கவில்லை. சபையை இழுத்தடிப்பது என்ற பொருளுக்கு இதைச் சான்றாக எடுப்பதை நான் ஏற்பதில்லை. சபைக்குள் ஒருவரைத் தாக்க இந்தச் சொல் கைக்கு வந்துவிட்டது என்பதற்கு மட்டும் இது சான்று. இழுத்தடித்தல் என்ற தெளிவான பொருளில் 1860கள் முதல்தான் வினைச்சொல்லாகத் தென்படுகிறது. அந்தச் செயலுக்கே ஃபிலிபஸ்டர் என்று பெயர்ச்சொல்லாக நிலைத்தது 1890கள் வாக்கில்.

தாவலுக்கான காரணமாக, பேச்சாளர் விவாதத்தைக் கொள்ளையடித்துக்கொண்டார் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். கேட்க அழகாக இருக்கிறது. எனக்கு அது பின்னால் கட்டிய விளக்கமாகவே தோன்றுகிறது. 1860களில் இந்தச் சொல்லைச் சபையில் பயன்படுத்தியவர்களின் மனத்தில் நின்றவர்கள் லோபெஸும் வாக்கரும். இருநூறு ஆண்டு முந்திய கடற்கொள்ளையர் அல்ல. கொள்ளையைவிடச் சட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டு தாங்களே நியாயம் என்று கிளம்பிய சிறு கும்பல் என்பதே அப்போது அதன் முதல் பொருள். பெரும்பான்மையின் முடிவை ஏற்காமல் சபை விதிகளை வைத்தே சபையை முடக்கும் சிறுபான்மை அந்த உருவத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. மோர்கன் காலத்திலிருந்து வந்த அந்த எதிராளிக் குரலும் அப்படியே தொடர்கிறது. தன் பேச்சை எந்த உறுப்பினரும் முதலில் ஃபிலிபஸ்டர் என்று சொல்லிக்கொள்ளவில்லை, எதிர்த்தரப்புதான் அப்படிச் சொன்னது. இதை நிரூபிக்கும் ஒற்றை ஆவணம் கிடையாது. கிடைக்கும் எடுத்துக்காட்டுகளின் போக்கை வைத்து நான் எடுக்கும் முடிவு.

செயலோ சொல்லைவிட மிகப் பழையது. ரோமாபுரியில் இளைய காட்டோ பொழுது சாயும்வரை பேசி வாக்கெடுப்பைத் தடுத்தவர். அமெரிக்க செனட் 1806இல் தன் விதிகளைச் சுருக்கியபோது, விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகலாம் என்று கோரும் விதியை எடுத்துவிட்டது. அதன் விளைவு அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. 1841இல் ஹென்றி கிளே தேசிய வங்கி மசோதாவைக் கொண்டுவந்தபோது எதிர்த்தரப்பு முடிவில்லாமல் பேசித் தடுத்தது. அன்று அதற்கு இந்தப் பெயர் இல்லை. 1917இல்தான், முதல் உலகப் போர்ச் சூழலில், வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் விவாதத்தை முடிக்கலாம் என்று விதி வந்தது. 1975இல் அது மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்தது. செய்திகளில் அடிக்கடி அடிபடும் 60 வாக்குக் கணக்கு அங்கிருந்து வருகிறது.

நீண்ட பேச்சுகளில் இரண்டைச் சொல்லலாம். லூசியானாவின் ஹ்யூயி லாங் 1935இல் 15 மணி நேரத்துக்கு மேல் பேசினார், நடுவே சிப்பி வறுவல் செய்முறையும் சொன்னார். தென் கரோலைனாவின் ஸ்ட்ராம் தர்மண்ட் 1957 ஆகஸ்டில் கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க வந்த மசோதாவை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் பேசினார். மசோதா அப்படியும் நிறைவேறியது. நேரக்கணக்கில் இதை 2025இல் நியூ ஜெர்சியின் கோரி புக்கர் 25 மணி 5 நிமிடத்தில் முறியடித்தார். ஆனால் அவர் எந்த மசோதாவையும் தடுத்துப் பேசவில்லை என்பதால், பத்திரிகைகள் எப்படி எழுதினாலும், கறாராகப் பார்த்தால் அது ஃபிலிபஸ்டர் அல்ல. எதிர்ப்புப் பேச்சு. மறுபக்கம், 1970களிலிருந்து ஒரு மசோதா தடைபட்டால் அதை ஓரமாக வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கும் முறை வந்துவிட்டது. இதனால் எழுந்து நின்று ஒரு வார்த்தை பேசாமலே, தடுப்போம் என்று தெரிவிப்பதே இன்று போதுமானதாக இருக்கிறது. செய்தியில் ஃபிலிபஸ்டர் என்று படிக்கும்போது பெரும்பாலும் இந்தப் பேசாத தடையைத்தான் சொல்கிறார்கள்.

கேள்வியில் இல்லாத ஒன்று, ஆனால் கேட்டவருக்குப் பிடிக்கும். ஸ்பானியத்திலிருந்து புறப்பட்டு ஆங்கிலத்தில் புதுப் பொருள் பெற்ற இந்தச் சொல் அந்தப் பொருளோடு ஊர் திரும்பிவிட்டது. மாட்ரிட் பத்திரிகைகளில் இன்று ‘ஃபிலிபுஸ்தெரிஸ்மோ’ என்று கண்டால், அது பெரும்பாலும் நாடாளுமன்றத்தில் இழுத்தடிப்பதைப் பற்றிய செய்தியாக இருக்கும். பிரெஞ்சில் மட்டும் ‘ஃப்லிபுஸ்த்தியே’ இன்னும் கடற்கொள்ளையராகவே இருக்கிறார். டச்சில் ‘வ்ரைபௌட்டர்’ என்றால் இப்போது யாருக்கும் கட்டுப்படாமல் தன் போக்கில் வாழும் ஆள் என்ற இளகிய பொருளும் வந்துவிட்டது.